வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள்: பழுப்பு நிறத்தை நம்பி நான் இழந்த மாதங்கள்

தாவரச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களை, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள்களை, உருவாக்குவதுதான் என் ஆய்வு. அதன் முதல் ஆண்டில் வேப்பிலையை எடுத்துக்கொண்டேன். 10 கிராம் இலையைக் கழுவி நறுக்கி, 100 மில்லி வாலைநீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவேன். அந்தச் சாற்றில் 5 மில்லியை 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் கரைசல் 45 மில்லியில் ஊற்றுவேன். கரைசல் மஞ்சளாகி, தேன் நிறமேறி, கரும்பழுப்பாவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்; துகள் உருவானதற்கு அந்த நிறமே அடையாளம் என்று நம்பினேன். ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் நிறமாலைமானியிலும் வெள்ளி நானோ துகளுக்குரிய முகடு 430 நானோமீட்டருக்கு அருகில் தெரிந்தது. வேறென்ன வேண்டும் என்றிருந்துவிட்டேன்.

சாறு விழுந்த கணத்தில் பால் சிந்தியதுபோல் மெல்லிய வெண்கலங்கல் தோன்றும். நிறம் ஏறியதும் மறைந்துவிடும். அதை நான் பொருட்படுத்தவே இல்லை.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களைக் கொண்டு படிகம் எந்தப் பொருள் என்று காட்டும் சோதனை) முடிவு வந்தபோதுதான் விழித்துக்கொண்டேன். 38.1, 44.3 பாகைகளில் வெள்ளிக்குரிய முகடுகள் இருந்தன. அவற்றைவிட உயரமாக 27.8, 32.2, 46.2 பாகைகளில் வேறு மூன்று நின்றன. “சாற்றின் கரிமச் சேர்மங்கள் படிகமாகியிருக்கும், அப்படியே எழுதிவிடுங்கள்” என்றார் உடன் பணியாற்றியவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தேடிப் பார்த்தால் மூன்றும் வெள்ளி குளோரைடுக்கு உரியவை.

தண்ணீரில் குளோரைடு கலந்திருப்பதுதான் காரணம் என்று எண்ணி அயனி நீக்கிய நீருக்கு மாறினேன். கலங்கல் போகவில்லை. கடைசியில் சாற்றில் நைட்ரிக் அமிலம் விட்டு, வெள்ளி நைட்ரேட் சில சொட்டுகள் சேர்த்தேன். வெண்ணிற வீழ்படிவு இறங்கியது. அம்மோனியாவில் கரைந்தும் போனது. குளோரைடு இலைக்குள்ளேயே இருந்திருக்கிறது! பள்ளியில் படித்த சோதனை அது. முதல் நாளே செய்திருக்க வேண்டும். இப்போது எந்தத் தாவரமானாலும் அதைச் செய்யாமல் அடுத்த வேலையைத் தொடுவதில்லை.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: படித்ததும் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். என்னைக் காப்பாற்றியது ஒரு குடுவை. வெள்ளி நைட்ரேட் சேர்க்காமல் வெறும் சாற்றை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தேன். ஓர் இரவு மேசைமேல் இருந்ததில் அதுவும் பழுப்பாகிவிட்டது. சாற்றிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தாலே அந்த நிறம் வந்துவிடும். ஆனால் அந்தக் குடுவைச் சாற்றின் நிறமாலையில் 430 நானோமீட்டர் அருகே முகடே இல்லை. புற ஊதாப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் சரிவு மட்டும்தான்.

இன்னொன்று, இலை பறித்த நாளையும் எழுதிவையுங்கள். அதே மரம், அதே எடைதான்; கொழுந்தில் அரை மணியில் ஏறிய நிறம் முற்றிய இலையில் ஏற மூன்று மணி நேரம் பிடித்தது. இரண்டையும் ஒரே பெயரில் குறித்துவைத்ததால் எது எதுவென்று தெரியாமல் அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி செய்தேன்.