விண்டேஜ் பூப்பிரிண்ட் துணி: பேட்ச்வொர்க் அளவு குறையுது, சிவப்பு இறங்குது

ஏற்காடு_ஊசிநூல்

வணக்கம்ங்க. கையில் இருக்கறது பழைய காலத்துப் பாணி பூப்பிரிண்ட் காட்டன். மொத்தம் 12 டிசைன், ஒவ்வொண்ணும் அரை மீட்டர், அகலம் 44 இன்ச். தந்த நிறத்தில் பொடிப்பூ, செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், நீலம்னு கலந்து இருக்கு. கோடை விழாவுக்குள்ள குஷன் கவர், தோள்பை, மேசை விரிப்பு தைக்கணும்.

மாதிரிக்கு 4½ இன்ச் சதுரம் 16 வெட்டி, 4க்கு 4னு இணைச்சதில் 16½ வரவேண்டியது 15¾தான் வந்துச்சு. மூலைகளும் சேரலை. துவைச்சுக் கொடியில் போட்டதும் சிவப்பு பக்கத்துத் துண்டில் இறங்கிடுச்சு. ஜிக்ஜாக் உள்ள மோட்டார் மெஷின், 16 நம்பர் ஊசி. கல் உப்பில் ஊறவெச்சா சாயம் நிக்குமா?

செவ்வாய்ப்பேட்டை_டைலர்

சாயத்தை அடுத்தவங்க சொல்லட்டும், நான் அளவுக்கு வர்றேன். நாலு சதுரம் சேர்த்தா 18 இன்ச். நடுவில் மூணு தையல். 2¼ இன்ச் உள்ளே போயிருக்கு, அதாவது ஒரு தையலுக்கு முக்கால் இன்ச், ஒரு பக்கத்துக்கு 3/8. கால் இன்ச் விடவேண்டிய இடத்தில் 3/8 விட்டிருக்கீங்க. ஜிக்ஜாக் மெஷினோட பாதம் அகலமானது. அதன் ஓரத்தை ஒட்டித் துணியை ஓட்டினா இப்படித்தான் ஆகும்.

கிராஃப் தாளோட வலது ஓரத்தை ஒரு கோட்டில் நேரா வெட்டி, அந்த ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே இருக்கற கோடு மேல ஊசி இறங்கற மாதிரி பாதத்துக்கு அடியில் வைங்க. தாளோட வலது ஓரத்தை ஒட்டி ஊசித்தட்டில் டேப்பை நாலஞ்சு மடிப்பா ஒட்டுங்க. இனி துணி ஓரம் டேப்பில் முட்டி ஓடணும், பாதத்தைப் பார்க்கவே வேண்டாம். சரி பார்க்க 1½ இன்ச் அகலத்தில் மூணு பட்டி வெட்டி இணைங்க. அயர்ன் பண்ணினதும் நடுப்பட்டி சரியா 1 இன்ச் இருக்கணும். குறைஞ்சா டேப்பை ஊசிப் பக்கம் ஒரு பொட்டு நகர்த்துங்க. மடிப்பிலேயே கொஞ்சம் துணி போகும், அதனால கால் இன்ச்சுக்கு ஒரு இழை கம்மியா தைக்கறதுதான் சரி.

இந்த மாதிரி மெல்லிய காட்டனுக்கு 16 நம்பர் ஊசி ஓட்டை போடும். 11 போடுங்க, பைக்கு 14. தையல் நீளம் 2.5 மி.மீ.

மூலை சேர, முதல் வரிசைத் தையலை வலப்பக்கம் மடிச்சு அயர்ன் பண்ணுங்க, ரெண்டாவதை இடப்பக்கம், இப்படியே மாத்தி மாத்தி. வரிசைகளை ஒண்ணு மேல ஒண்ணு வைக்கும்போது ரெண்டு மேடும் ஒண்ணையொண்ணு முட்டி நிக்கும். அங்கே குண்டூசி. அயர்ன் பாக்ஸை இழுக்காதீங்க, தூக்கித் தூக்கி அழுத்துங்க. இழுத்தா சதுரம் கோணிக்கும்.

தைச்சதைப் பிரிக்க வேண்டாம். 15¾ முகப்பில் கவர் 15¼ வரும். 16 இன்ச் குஷனுக்கு அது புடைப்பா நல்லாவே நிக்கும். பின்பக்கத்துக்கு 15¾ × 11½ அளவில் ரெண்டு துண்டு. நடுவில் வர்ற ஓரத்தை அரை இன்ச், பிறகு ஒரு இன்ச்னு மடிச்சு அடிச்சா, ஒண்ணு மேல ஒண்ணு 4¼ இன்ச் ஏறும். ஜிப் தேவையில்லை.

சாயத்தொட்டி

உப்பு வேண்டாம். காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில், உப்பு சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. பிடிக்க வைப்பது சலவை சோடா. இரண்டுமே சாயம் போடும்போது நடக்கும் வேலை. முடிந்த துணியை உப்பில் போட்டால் உப்புத் தண்ணீர்தான் மிச்சம். வினிகரும் இதற்கு உதவாது. பட்டு, கம்பளிச் சாயங்களோடு அதன் வேலை சரி.

இறங்குவது, பிடிக்காமல் மேலே தங்கிய சாயம். அலசி வெளியேற்ற வேண்டும். வெட்டுவதற்கு முன் சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியாக, கை பொறுக்காத சூட்டில் (60 டிகிரி), நிறையத் தண்ணீரில், சிறிது திரவ சோப்போடு அரை மணி நேரம் போடுங்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். பிறகு 2 இன்ச் துண்டை வெள்ளைத் துணியோடு ஒரு டம்ளர் வெந்நீரில் வைத்துப் பாருங்கள். அப்போதும் வெள்ளை சிவந்தால் அந்த டிசைனைத் தந்த நிறத்தின் பக்கம் சேர்க்காதீர்கள். காய்ந்த துணியை வெள்ளைத் துணியால் உரசும்போதே நிறம் ஒட்டினால் அது பெரும்பாலும் பிக்மென்ட் பிரிண்ட் (நூலுக்குள் போகாமல் மேலே பசையால் ஒட்டிய நிறம்). கசக்கித் துவைத்தால் பூவே வெளுத்துவிடும்.

கறைபட்ட மாதிரியை அயர்ன் செய்யாமல், அதே சோப்பு வெந்நீரில் முழுக்க அமிழ்த்தி இரவு முழுதும் விடுங்கள். தண்ணீர் குறைந்தால் கழன்ற சாயம் மறுபடி துணியிலேயே ஏறும்.

உங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. துணி மெதுவாகக் காயும்போது ஈரம் கீழே நகர்ந்து சாயத்தையும் இழுத்துப் போகும். கொடியில் மடித்துப் போடாமல், துண்டில் சுருட்டிப் பிழிந்து, கயிற்றுக் கட்டிலில் விரித்து ஃபேன் போடுங்கள்.

ஏற்காடு_ஊசிநூல்

ரொம்ப நன்றிங்க. பைக்கு உள்துணி காடா போதுமா? பழைய பட்டுப் புடவைக் கரையை முகப்பில் சேர்க்கலாமா?

அம்மாபேட்டை_தறி

காடா போதும்ங்க, ஆனா நல்லா சுருங்கும். ரெண்டு தடவை வெந்நீர்ல போட்டுக் காயவெச்ச பிறகுதான் வெட்டணும். இல்லேன்னா முதல் துவைப்பிலேயே உள்துணி சுருங்கி வெளித்துணி தொளதொளன்னு தொங்கும்.

வெளிக்கு 16½ × 17½ ரெண்டு, உள்ளுக்கும் அதேதான். காதுக்கு 4 × 26 ரெண்டு. நாலா மடிச்சா 1 இன்ச். அடிமூலையில் 3 இன்ச் குறுக்குத் தையல் போட்டா பை உட்காரும். பூ ஒரே பக்கம் பார்க்கற பிரிண்ட்டா இருந்தா, துணியை நீளமா எடுத்து அடியில் மடிச்சுத் தைக்காதீங்க. ஒரு பக்கம் பூ தலைகீழா நிக்கும். நிறைய பேர் பைய முடிச்ச பிறகுதான் அதைக் கவனிக்கறாங்க.

பட்டுக் கரை பைக்கு வேணா ஓகே. பின்னால மெல்லிய ஃப்யூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டற தாங்குதுணி) ஒட்டணும், ஜரிகை மேல துணி போட்டு லேசான சூட்டில். துவைக்கற குஷனுக்கு வேண்டவே வேண்டாம். காட்டனும் பட்டும் ஒரே மாதிரி சுருங்காது, தையலே அலையா நிக்கும்.

மேசை விரிப்புக்கு டிசைன் அடுக்கினதும் செல்போன்ல கறுப்பு வெள்ளையா ஒரு போட்டோ எடுங்க. எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா பூ பூவா கலந்து மங்கிடும், நடுநடுவே கடுகு மஞ்சளோ வெறும் காடாவோ விடுங்க.

செவ்வாய்ப்பேட்டை_டைலர்

சாயத்தொட்டி சொன்னதை வெட்டின சதுரத்துக்குச் செய்யாதீங்க, ஓரமெல்லாம் பிசிறிடும். முழுத்துணியா அலசி, லேசா கஞ்சி போட்டு அயர்ன் பண்ணி வெட்டுங்க. கரையைத் தள்ளினா ஒரு அரை மீட்டரில் 4½ சதுரம் 9 × 4, மொத்தம் 36 கிடைக்கும். துணி கோணலா வெட்டி வந்திருந்தா நாலாவது வரிசை கிடைக்காது. தைச்சு முடிச்சதும் கஞ்சியை அலசிடுங்க. மலை ஈரத்தில் கஞ்சித் துணியை மடிச்சு பீரோவில் வெச்சா பூஞ்சணம் பிடிக்கும்.