பிள்ளைகள் தானாக விளையாடும் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள்?

பாளையங்கோட்டை அம்மா:

மூத்தவளுக்கு 4 வயது, எல்கேஜி போகிறாள். சின்னவனுக்கு 14 மாதம். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் ஷிப்ட் வேலை, பகலில் பெரும்பாலும் நான் மட்டும்தான்.

மதியம் வேன் வந்து அவளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை சத்தம் ஓயாது. ஆனால் சில நாள் தார்சாவில் டிபன் கேரியரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அவன் ஒரு கிண்ணத்துக்குள் இன்னொன்றைத் திணிக்கப் பார்ப்பான். எல்லாம் ஒரே அளவு, போகாது. அவள் டீச்சர் குரலில் “இப்படி இல்ல தம்பி, மேல வைக்கணும்” என்று அடுக்கிக் காட்டுவாள். இரண்டு பேருக்கும் அப்போது நான் தேவையில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கிறபோது அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

அதற்குள் கொடியில் காய்ந்த துணி கண்ணில் படும். எழுந்தால் போச்சு, சின்னவன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிவிடுவான். பிள்ளை விளையாடும்போதே உலையை வைத்துவிட வேண்டும் என்பார் மாமியார். நாலு பிள்ளை வளர்த்தவர், சும்மா சொல்ல மாட்டார். நீங்கள் எல்லாரும் அந்த நேரத்தில் வேலை பார்ப்பீர்களா, உட்கார்ந்திருப்பீர்களா?

திருப்பூர் அப்பா:

நான் வேலை பார்த்துவிடுவேன் சகோதரி. எனக்குக் காலை ஷிப்ட், மதியத்துக்கு மேல் பாப்பா என்னிடம்தான். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங். அவள் வீடு வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். பாப்பா பொம்மையோடு இருக்கும்போதே பாத்திரம் கழுவி, மாவு கரைத்து வைத்துவிடுவேன். அவள் வந்ததும் பையைக்கூட இறக்காமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்படியே பாயில் சாய்வாள். அடுப்படியில் அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது. எனக்கு நிம்மதி அந்த நேரத்தில்தான் வருகிறது.

குழந்தைகள் வார்டு செவிலியர்:

துணியை மடிக்க வேறு நேரம் கிடைக்கும்மா. 12 முதல் 18 மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள் பகலில் இரண்டு தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு மாறுவார்கள். உங்கள் பையனுக்கு அந்த வயதுதான். அந்த ஒரு தூக்கத்தை மதியம் ஒரு மணிக்கு மேல் கொண்டுவந்துவிட்டால், மூத்தவள் வந்து சாப்பிட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து படுக்க வாய்ப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி 1–2 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11–14 மணி நேரம் தூக்கம் வேண்டும், 3–4 வயதுக்கு 10–13. நாலு வயதில் சில பிள்ளைகள் பகலில் தூங்குவதை விட்டிருப்பார்கள். அவளுக்குத் தூக்கம் வராவிட்டாலும் பக்கத்தில் படுத்துப் படப் புத்தகம் பார்க்கட்டும்.

அப்புறம், கேரியரின் கொக்கிச் சட்டத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். விரல் நசுங்கும்.

கோபி பாட்டி:

கண்ணு, எனக்கு அந்த நிம்மதி தடப்பள்ளி வாய்க்காலில் கிடைத்தது. கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் துணி மூட்டையோடு போவேன். துவைத்துக் கரையில் விரித்துப் போட்டு, காய்கிற வரைக்கும் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருப்பேன். அதற்காகவே பிழிய வேண்டிய துணியைச் சரியாகப் பிழியாமல் போட்ட நாளும் உண்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் “உனக்கு வேலை இல்லையா?” என்று கேட்பார்கள். அதனால் ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. உன்னை அப்படிக் கேட்க அந்த நேரத்தில் வீட்டில் ஒருத்தரும் இல்லை. நீ எதற்குச் சாமி எழுந்திருக்கிறாய்?

பாளையங்கோட்டை அம்மா:

பாட்டி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. சின்னவன் நடுவில் வந்து ஒரு மூடியை என் மடியில் வைத்துவிட்டு, தூக்கச் சொல்லாமல் திரும்ப அக்காவிடமே போனான். துணியை ராத்திரி அவர் வந்து எடுத்தார்.

திருப்பூர் அண்ணா, உங்கள் பதிலை அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

செவிலியர் அக்கா, அவன் காலையில் ஒன்பதரைக்கே கண்ணைக் கசக்குகிறான். எப்படி ஒரு மணிக்குக் கொண்டுவருவது?

குழந்தைகள் வார்டு செவிலியர்:

ஒரேயடியாக வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் தள்ளுங்கள். கண்ணைக் கசக்கும்போது வாசலுக்குத் தூக்கிப் போங்கள், வெளிச்சத்தில் கொஞ்சம் தெளிவான். பருப்புச் சோற்றைத் தூக்கத்துக்கு முன்னாலேயே ஊட்டிவிடுங்கள், பசியில் பாதியில் எழ மாட்டான். காய்ச்சல், சளி இருக்கிற நாளில் மட்டும் அவன் கேட்கிற நேரத்துக்கே தூங்கவிடுங்கள்.