அம்மம்மாவின் எண்பது: குடும்பக் குழு

பெரிய மாமா, காலை 9:14
எல்லோருக்கும் காலை வணக்கம். அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருக்கின்றன. இங்கே லண்டனில் மண்டபமும் சாப்பாடும் ஒழுங்காகிவிட்டன. இனிப்பும் கேக்கும்தான் மிச்சம். நேற்றுப் பின்னேரம் அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "கிரீன் ஸ்ட்ரீட் தம்பியின் கடைத் தேன்குழல்" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பாகிஸ்தான் கடையிலேயே எல்லாவற்றுக்கும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ரொறன்ரோ மாமா, 9:21
அம்மா இன்னும் ஜிலேபியைத் தேன்குழல் என்றுதான் சொல்கிறாரா?

கபிலன், 9:22
ஆம் சித்தப்பா. அங்கே இன்னும் விடியவில்லையே, நீங்கள் தூங்கவில்லையா?

ரொறன்ரோ மாமா, 9:22
இரவு வேலை.

சுதா சித்தி, 9:30
அண்ணை, ஜிலேபிக்கு நான் தடை சொல்லவில்லை. கேக்கை மட்டும் அங்கே கொடுக்க வேண்டாம். ஆரூரனின் பிறந்தநாளில் நடந்ததை மறந்துவிட்டீர்களா?

பெரிய மாமா, 9:33
அது வேறு கடை, சுதா.

சுதா சித்தி, 9:41
கடை வேறுதான், ஆனால் கேக் எடுத்துத் தரும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். முட்டையில்லாத கேக் என்று தொலைபேசியில் இரண்டு தடவை சொன்னேன். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் பெயரும் எடுக்க வரும் நேரமும் மட்டுமே இருந்தன. முட்டை பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேக்கை வெட்டி அம்மாவுக்கு ஊட்டிய பிறகு கடையிலிருந்து அழைத்து, வேறொருவருடைய கேக் எங்களிடம் வந்துவிட்டது என்றார்கள். அப்பா போன நாளிலிருந்து முட்டையைத் தொடாத மனுசி, அன்றிரவு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பெரிய மாமி, 9:44
அந்தக் கடையைத் தெரிவு செய்தது நாங்கள் அல்லவே, சுதா.

சுதா சித்தி, 9:45
அதை இப்போது ஏன் அண்ணி கிளறுகிறீர்கள்?

மதி அக்கா, 10:02
அம்மா, மாமி, தயவுசெய்து நிறுத்துங்கள். எனக்கு முட்டையைவிட ஆரூரனின் பருப்பு ஒவ்வாமைதான் பெரிய கவலை. முந்திரி, பிஸ்தா இரண்டுமே அவனுக்கு ஆகாது. போன வருடம் மருத்துவமனைக்குப் போன பிறகு, அட்ரினலின் ஊசி இல்லாமல் நாங்கள் வீட்டுக்கு வெளியே கால் வைப்பதில்லை. இனிப்புக் கடையில் ஒரே இடுக்கியால் பிஸ்தா பர்பியையும் எடுப்பார்கள், வெறும் பர்பியையும் எடுப்பார்கள். மண்டபத்தில் எந்தப் பெட்டி எந்த மேசையில் இருக்கும் என்று தெரியாமல் நான் அவனைக் கூட்டி வர முடியாது.

கபிலன், 10:10
2021 ஒக்டோபரிலிருந்து, கடையிலேயே முன்கூட்டிப் பொதி செய்து வைக்கும் உணவில் சேர்மானம் முழுவதையும் எழுதி, ஒவ்வாமை தரும் பதினான்கு பொருட்களையும் தடித்த எழுத்துப் போலத் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது, மதி. நடாஷா சட்டம் என்பார்கள்; எள் ஒவ்வாமையால் 2016-இல் இறந்த ஒரு சிறுமியின் பெயர் அது. ஆனால் தட்டிலிருந்து நிறுத்துத் தரும் இனிப்புக்கு அந்தச் சீட்டு கட்டாயமில்லை. நாங்கள் கேட்டால் அவர்கள் சொல்ல வேண்டும்.

மதி அக்கா, 10:12
கேட்பது யார்?

பெரிய மாமா, 10:13
நானே போகிறேன்.

ரொறன்ரோ மாமா, 10:30
இங்கே ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிராம்டனிலும் பாகிஸ்தான் கடைகள் நிறைய இருக்கின்றன. நோன்பு மாதத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் உள்ளே போகவே முடியாது. சமோசாவும் பகோராவும் வாங்க வரிசை வீதி வரைக்கும் நிற்கும்.

பெரிய மாமி, 10:34
தம்பி, இந்த முறையாவது நீங்கள் வருகிறீர்களா? மாமாவின் எழுபதுக்கும் கடைசியில்தான் வரவில்லை என்றீர்கள்.

ரொறன்ரோ மாமா, 10:52
விடுமுறை கேட்டிருக்கிறேன் அண்ணி. பதில் வரவில்லை.

பெரிய மாமா, இரவு 7:26
கடைக்குப் போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் வாசியுங்கள். நான்கரை மணிக்குப் போனேன். அப்போதே பன்னிரண்டு பேர் நின்றார்கள். வாசல் கண்ணாடிக்குப் பின்னால் இரும்புச் சட்டியில் ஜிலேபி பிழிந்துகொண்டிருந்த பிள்ளையும் நோன்பு. பாகு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து விரித்து, ஒற்றைக் கம்பி இழுக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் அம்மாவும் ஊரில் இப்படித்தான் பாகுப் பதம் பார்ப்பார்.

பெரிய மாமா, 7:31
அம்மா தம்பி என்று சொல்லும் கடைக்காரப் பெரியவர் இன்னும் இருக்கிறார். காசு மேசையில் இப்போது மகன்தான், அவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அம்மாஜி எப்படி இருக்கிறார்?" என்றுதான் முதலில் கேட்டார். 1997 மாரியில் அம்மா இங்கே வந்து இறங்கியபோது, ஆங்கிலமும் தெரியாது, பேசுவதற்கு ஆளும் இல்லை என்று சின்னவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கடைக்கு நடந்து போய்த் தமிழில் கேட்பார். குஜ்ரன்வாலாவிலிருந்து வந்த அந்த மனிதர் உருதுவில் பதில் சொல்வார். சட்டியிலிருந்து எடுத்த முதல் ஜிலேபியை ஒரு காகிதத்தில் வைத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு நிறுப்பார். ஊர்த் தேன்குழல் உளுந்துமாவில் செய்வது, இது கோதுமை மாவைப் புளிக்கவைத்துச் செய்வது. அம்மாவுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், இருந்தும் அந்தப் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.

ஆரணி, 7:33
எனக்கு இது இன்றைக்குத்தான் தெரியும் மாமா.

ரொறன்ரோ மாமா, 7:34
எனக்கும்.

மதி அக்கா, 7:36
பருப்பு பற்றிக் கேட்டீர்களா மாமா?

பெரிய மாமா, 7:48
கேட்டேன். மகன் மறைக்காமல் பேசினார். ஜிலேபி மாவில் பருப்பு இல்லை. அதற்கென்று தனிச் சட்டியும் தனி எண்ணெயும் வைத்திருக்கிறார்கள். குலாப் ஜாமுனும் பால் மாவும் கோதுமை மாவும்தான், ஆனால் மேலே பிஸ்தாச் சீவல் தூவுவார்கள். ஹப்ஷி அல்வாவின் பக்கமே போக வேண்டாம், அது முழுக்கப் பருப்பு. இவ்வளவும் சொல்லிவிட்டு, "எங்கள் கடைக் காற்றிலேயே பிஸ்தா இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு இங்கிருந்து எதையும் கொடுக்காதீர்கள்" என்றார். வியாபாரத்தை விட்டுவிட்டு அப்படிச் சொன்னவர் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

மதி அக்கா, 7:50
அந்த ஒரு வார்த்தை போதும். அவனுக்கு நான் வீட்டில் ரவா லட்டு செய்து, பெயர் எழுதித் தனிப்பெட்டியில் கொண்டு வருகிறேன். கடை இனிப்பு மேசையைச் சிறுவர்கள் இருக்கும் பக்கம் வைக்கக் கூடாது.

சுதா சித்தி, 7:55
கேக்?

பெரிய மாமா, 8:04
முட்டையில்லாமல் செய்வார்களாம், ஐந்து நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். நான் நினைத்துப் பார்க்காத இன்னொன்றையும் அவரே எடுத்துச் சொன்னார். பழம் வைத்துப் பளபளப்பாக வரும் கேக்குகளில் ஜெலட்டின் இருக்கும். அது ஹலால்தான், ஆனால் மாட்டிலிருந்து எடுப்பது. ஹலால் என்றால் சைவம் என்று இத்தனை வருடம் நினைத்து வாங்கியிருக்கிறேன். ஜெலட்டின் இல்லாத வெறும் கிரீம் கேக் செய்து, பெட்டியில் இரண்டையும் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன்.

சுதா சித்தி, 8:09
எழுதித் தந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை அண்ணை. நம்மவர் கடை ஈஸ்ட்ஹாமில் இருக்கிறது.

பெரிய மாமி, 8:11
அங்கே போன முறை கேக் காய்ந்து போயிருந்தது.

கபிலன், 8:15
அப்பா, நாளை ஒருதரம் கணக்குப் பாருங்கள். நிகழ்வு சனிக்கிழமை. பிறை தெரிவதைப் பொறுத்துப் பெருநாள் வெள்ளியாகவும் இருக்கலாம், சனியாகவும் இருக்கலாம். இரண்டு பள்ளிவாசல்கள் இரண்டு நாளில் கொண்டாடவும் கூடும். அந்த இரண்டு நாளும் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது.

பெரிய மாமா, 8:22
அதையும் கேட்டேன். பிறை பார்க்கும் இரவில் நள்ளிரவுக்கு மேலும் திறந்திருப்பார்களாம். பர்பி மூன்று கிலோவை வியாழனே எடுத்துவிடலாம்; அது சில நாள் கெடாமல் இருக்கும். பெட்டியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிய பிறகுதான் இனிப்பை நிறுக்கிறார்கள், எண்ணிப் பார்த்தேன், ஒரு கிலோவுக்கு இருபத்தேழு துண்டு வந்தது. ரசமலாய் வேண்டாம், மண்டபத்தில் குளிர்ப்பெட்டி இல்லை. ஜிலேபியை மட்டும் அன்றைக்கே சூடாக எடுக்க வேண்டும். பெருநாள் சனியென்றால் காலைத் தொழுகை முடிந்து பத்து மணிக்குத்தான் சட்டி வைப்பார்கள்.

கபிலன், 8:24
பத்தரைக்கு நான் மண்டபத்தில் கதிரை அடுக்க வேண்டும்.

ஆரணி, 8:25
நான் போகிறேன். அம்மம்மாவையும் காரில் கூட்டிப் போகலாமா?

சுதா சித்தி, 8:26
பட்டுச் சேலையோடு அந்தக் கூட்டத்திலா?

பெரிய மாமா, 8:29
பெரியவர் அம்மாவைப் பார்க்க ஆசைப்பட்டார். சனிக்கிழமை வேண்டாமென்றால் புதன் போல் ஒருநாள் கூட்டிப் போவோம்.

ரொறன்ரோ மாமா, 8:40
அந்தப் பெரியவரை நிகழ்வுக்கு யாரும் அழைக்கவில்லையா?

பெரிய மாமி, 8:43
பெருநாள் அன்றைக்கு எப்படி வருவார், தம்பி?

பெரிய மாமா, 8:47
கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வியாழன் பர்பி எடுக்கப் போகும்போது கேட்கிறேன்.

சுதா சித்தி, 8:51
கேக்கை எங்கே சொல்வது என்று அம்மாவிடமே கேளுங்கள். அவர் சொன்னால் நான் ஒன்றும் பேச மாட்டேன்.

பெரிய மாமா, 8:53
அம்மா படுத்துவிட்டார். காலையில் கேட்டு எழுதுகிறேன்.