கார் கிளட்ச் கேபிள் வீட்லயே மாத்தினவங்க அனுபவம் சொல்லுங்க

ரெண்டு வாரமாவே பெடல் கனமாத்தான் இருந்துச்சு, ரிவர்ஸ் போட்டா கறகறன்னு கத்தும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். சிக்னல்ல ஃபர்ஸ்ட் கியர் போட்டு பெடல மிதிச்சுட்டு நிக்கிறேன், டப்புன்னு ஒரு சத்தம், கால் தரைல இடிச்சுது, வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆயிடுச்சு. முன்னாடி ஸ்கூட்டர்ல ஒரு கொழந்தை பின்னாடி திரும்பி என்னையே பாத்துட்டு இருந்துச்சு, அது காலுக்கும் என் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண் இருந்திருக்கும். கேபிள் மாத்துறது பெருசா இல்ல, பேட்டரிய கழட்டி வச்சா கியர்பாக்ஸ் பக்கம் கை போகும், அரை நாள்ல முடிச்சேன். ஆனா இப்பவும் சிக்னல்ல நியூட்ரல் போடாம என்னால நிக்க முடியல.

* * *

எனக்கு ஓடிட்டு இருக்கும்போது அறுந்துச்சு. இன்ஜின ஆஃப் பண்ணி ஃபர்ஸ்ட் கியர் போட்டு சாவிய திருப்பினா ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டிய இழுத்து கெளப்பிடும், அப்படியே உருட்டி வீடு வந்து சேந்தேன். டேஷ்போர்டுக்கு அடில தலைய விட்டு, டார்ச்ச வாயில கடிச்சுட்டு, பெடல் கொக்கில இருந்து பழைய முனைய எடுக்கும்போது ஒரு புரி நகக்கண்ணுல ஏறிடுச்சு. வெளிய எடுத்து பாத்தா அறுந்த இடத்துல பாதி புரி துருப்புடிச்சு கறுப்பா இருக்கு, மீதி மட்டும் பளபளன்னு இருக்கு. பாதி எப்பவோ போயிருக்கு, மிச்சத்துலதான் குடும்பத்தோட ஓட்டிட்டு இருந்திருக்கேன்.

* * *

ஸ்டார்ட்டர்ல ஓட்டினேன்னு சொன்னவருக்கு: ஆளில்லாத ரோட்ல சரி, ட்ராஃபிக்ல தயவுசெஞ்சு வேணாம், மேல அந்த கொழந்தை கதைய படிங்க. எனக்கு ஒரே வருஷத்துல மூணு கேபிள் போச்சு. மூணாவத கழட்டினா உள் லைனிங் உருகி கம்பியோட ஒட்டி இருந்துச்சு. இன்ஜின்லருந்து பாடிக்கு வர்ற எர்த் வயர் நட்டு கிட்ட பச்சையா பூத்து கெடந்துச்சு, ஸ்டார்ட் பண்றப்ப கரண்டுக்கு வேற வழி இல்லாம கிளட்ச் கேபிள் வழியா போயிருக்கு. எர்த்த மாத்தினேன், அதோட சரி. அதனால கேபிள் அடிக்கடி போனா மொதல்ல எர்த்த பாருங்க. புது கேபிள பழசு போன வழியிலயே விடுங்க, வளைவு இறுக்கமா இருக்கக்கூடாது, சைலன்சர் பைப் பக்கமே போகக்கூடாது. லைனிங் உள்ள கேபிளுக்கு ஆயில் ஊத்தாதீங்க, தூசி சேந்து இறுகிடும். ஃப்ரீ ப்ளே, அதாவது பெடல மிதிச்சா கிளட்ச்ச இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சும்மா லூசா போற தூரம், என் வண்டி மேனுவல்ல 15-லருந்து 25 மி.மீ. போட்டிருக்கு, உங்களுக்கு உங்க மேனுவல்தான் கணக்கு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி செக் பண்ணுங்க, புதுசு கொஞ்சம் இளகும்.

* * *

ஆயில் விஷயம் நான் ஒத்துக்க மாட்டேன், பழைய மாடல் கேபிள்ல லைனிங்கே கெடையாது, அதுக்கு ஆயில் விட்டாத்தான் ஆயுசு. ஆனா ஃப்ரீ ப்ளே சொன்னீங்களே, அது சத்தியம். அப்பா வண்டிக்கு நான்தான் மாத்தினேன், ப்ளே இல்லாம இருந்தா நல்லதுன்னு நட்ட ஃபுல்லா டைட் வச்சுட்டேன். ஒரு வாரம் கழிச்சு மேட்டுல ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி ஏறல, உள்ளெல்லாம் கருகின வாசம். அப்பா இறங்கி பானெட்ட தொறந்து கையாலயே நட்ட லூஸ் பண்ணார், என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கிளட்ச் பிளேட் புதுசா போட வேண்டியதாயிடுச்சு.