சொத்து வரி விஷயத்தில் உங்களுக்கு நேர்ந்தது: மனதை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

மாடிவீடு

நானே தொடங்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் வந்த சொத்து வரி உயர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் போனால் 100. சென்னையின் பழைய பகுதிகளுக்கு இதைவிடக் கூடுதல். நான் இருப்பது வேறு ஊர். எங்கள் வீடு 1140 சதுர அடி. ஐம்பதோடு போய்விடும் என்றிருந்தேன்.

அளக்க வந்தவர் கீழ்த்தளத்தை முடித்துவிட்டு, "மாடியையும் பார்த்துவிடலாமா சார்?" என்றார். மேலே துணி காயப்போடுவதற்கு ஒரு தகரக் கூரை உண்டு. நான்கு இரும்புக் குழாய், மேலே தகரம், சுவர் கிடையாது. டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். நானும் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தேன். ஏழுக்குப் பதிமூன்று, 91. மொத்தம் 1231. எழுபத்தைந்து சதவீதப் பட்டியலில் ஏறிவிட்டது வீடு.

"இது வெறும் கொட்டகை. பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடும்" என்றேன்.

"பறந்த பிறகு ஒரு மனு கொடுங்கள், குறைத்துவிடலாம்" என்றார். சிரிக்கக்கூட இல்லை. கட்டிய பணம் மறந்துவிட்டது, இந்தப் பதில் மறக்கவில்லை.

மூத்தவன்

உங்களுக்காவது உங்கள் பெயரில் வரி வருகிறது. எனக்கு இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது. அவர் காலமாகி வருடங்கள் ஆகின்றன. பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கிரயப் பத்திர நகல், கடைசி ரசீது எல்லாம் கொண்டுபோனேன். "மற்ற வாரிசுகள் கையெழுத்து?" என்று கேட்டார்கள். ஒரு தம்பி மஸ்கட்டில். இன்னொருவன் உள்ளூரில்தான், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை.

"அப்படியானால் இந்த அரையாண்டு வரியை யார் பெயரில் கட்டுவது?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் சொன்னார்: "இறந்தவர் பெயரில் தாராளமாகக் கட்டலாம் சார். இருப்பவர் பெயரில் கட்டத்தான் ஆவணம் வேண்டும்."

கட்டிவிட்டு வந்தேன். ரசீதில் 'திரு' போட்டு அப்பா பெயர்.

கணக்கன்

மாடிவீடு அவர்களுக்கு ஒன்று. 75 சதவீதம் என்று கேட்டால் வயிறு எரியும்தான். எதன்மேல் 75 என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதையும் நிறுத்தி வைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நாம் கொடுத்த வரி அநேகமாக ஒரு மாதக் கேபிள் கட்டணத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மத்திய அரசின் 15-ஆவது நிதிக் குழு, வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்த பிறகுதான் 2022 உயர்வு வந்தது. குப்பை அள்ளவில்லை என்று கத்துகிறவர்களும் நாம்தான்.

என் அனுபவம் சின்னது. 2018 உயர்வின்படி கட்டியிருந்தேன். நிறுத்தி வைத்த பிறகு, கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். கவுன்டரில் எண்ணைச் சொன்னதும் அந்த அம்மாள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நிலுவை என்ற இடத்தில் கழித்தல் குறியோடு ஒரு தொகை. "நீங்கள் ஒன்றும் தர வேண்டாம் சார், நாங்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும்." அரசாங்கம் எனக்குக் கடன்பட்டிருந்த காலம் அது.

இனி எல்லாரும் செய்ய வேண்டியது. வரி கட்டச் சொல்லி வரும் கேட்பு அறிவிப்பில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும், அது போதாது. கணக்கீட்டுத் தாளைக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறார்கள், உங்கள் தெருவுக்குச் சதுர அடிக்கு என்ன அடிப்படை மதிப்பு, கட்டட வயதுக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள், சொந்தக் குடியிருப்பா வாடகையா, கூரை ஓடா கான்கிரீட்டா. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு வாடகைக்கு விட்டதாகப் பதிவாகியிருப்பது நான் அடிக்கடி பார்ப்பது. தாளைக் கொடுக்க மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆட்சேபணை இருந்தால் அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் கோப்பில் ஏறாது. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலில் அல்லது அக்டோபரில், கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5000 ரூபாய். தவறவிட்டால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. ரசீதில் 'நூலக வரி' என்று பத்து சதவீதம் வருவதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள், அது எல்லாருக்கும் உண்டு. உங்கள் தெரு நூலகம் பூட்டிக் கிடந்தாலும் உண்டு.

தெருமுனை வீடு

கணக்கன் சார், கணக்கீட்டுத் தாளை நான் கேட்டேன். கையில் தந்தார்கள். அதில் எங்கள் கீழ்த்தளம் முழுக்க 'வணிகம்' என்று இருந்தது.

நடந்தது இதுதான். முன் அறையை ஒரு தையல்காரப் பெண்ணுக்கு விட்டிருந்தேன். அவள் தன் தொழிலுக்கென்று தனியாக வணிக மின் இணைப்பு வாங்கினாள். அதுதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் ஒருவர் வந்தார். நல்ல வெயில். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டு, அதே குரலில் "உள்ளே எத்தனை மிஷின் ஓடுகிறது அம்மா?" என்று கேட்டார். "மூன்று" என்றேன். எழுதிக்கொண்டார். "மோர் நன்றாக இருந்தது அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன் அறை பத்துக்குப் பன்னிரண்டு. பின்னால் நானும் என் மாமியாரும் குடியிருக்கிறோம், சமையலறை இருக்கிறது, பூஜை அறை இருக்கிறது. அதெல்லாம் எப்படி வணிகம்? 2022-இல் வணிகக் கட்டடங்களுக்கு ஒரேயடியாக நூறு சதவீதம் ஏறியதே, அதுவும் சேர்ந்து விழுந்தது. கேபிள் கட்டணம் என்று சொல்லிவிட்டீர்கள். எங்கள் தையல்காரப் பெண்ணின் வாடகையில் மூன்று மாதம் அது.

கணக்கன்

அம்மா, பொதுவாகச் சொன்னதை உங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தனி மின் இணைப்பு கேட்டபோதே நீங்கள் யோசித்திருக்கலாம். வாடகைக்கு விடும்போது ஒப்பந்தத்தில்,

தெருமுனை வீடு

சார், ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

புதுக்குடி

எங்களுடையது அடுக்குமாடி, பழைய வீடாக வாங்கியது. முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்தோம். வங்கி வழக்கறிஞர் தாய்ப் பத்திரம் முதல் வரி விடாமல் படித்தார். கிரகப்பிரவேசத்தன்று ஐயர் ஹோமப் புகையைக் கிளப்பிக்கொண்டிருக்கிறார், வாசலில் மாவிலைத் தோரணம். அதற்குக் கீழே ஒருவர் பசை தடவி ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். முந்தைய உரிமையாளர் பெயரில் வரி நிலுவை அறிவிப்பு. என் மாமனார் அதைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

வரி பாக்கி ஆளைப் பார்க்காது, சொத்தின் மேல்தான் நிற்கும். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும், வரி நிலுவை வராது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வட்டியோடு நாங்கள்தான் கட்டினோம். தாளைச் சுரண்டி எடுத்தும் பசை போகவில்லை, அந்த இடத்தில் பிள்ளையார் படம் மாட்டியிருக்கிறோம்.

மாடிவீடு

பிள்ளையார் படத்துக்கு ஒரு கும்பிடு. கணக்கன் சார், பத்து வருடம் ஏற்றாமல் விட்டது நகராட்சியா நானா? அவர்கள் ஏற்றாததற்கும் என் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம்? ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கன்

அதற்குத்தான் இப்போது ஆண்டுக்கு ஆறு சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். சென்னையில் 2024 செப்டம்பரில் மன்றத் தீர்மானம் போட்டார்கள். அப்போதும் கேட்டார்கள்.

ஏரிக்கரை

நாங்கள் ஊராட்சி. எங்களுக்கு 'வீட்டு வரி', தொகையும் சொற்பம். தகராறு தொகையில் இல்லை.

அத்தை வீட்டுக்கு ஒரு பங்குச் சண்டை வந்தது. அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து வைத்தாள். வருடவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தாள். இவ்வளவு ரசீது இருக்கும்போது வீடு யாருடையது என்ற கேள்வியே கிடையாது என்பது அவள் கட்சி. எதிர்த்தரப்பில் சித்தப்பா மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தான். அதே வீடு, அதே கதவு எண், அவன் பெயர். ஊராட்சிச் செயலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டும் நாங்கள் கொடுத்ததுதான்" என்றார்.

அத்தை அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. வரி மட்டும் தவறாமல் கட்டுகிறாள்.

வரி ரசீது, கட்டியவர் யார் என்றுதான் சொல்லும். சொத்து யாருடையது என்று சொல்லாது. நீதிமன்றங்கள் இதை எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. பத்திரமும் பட்டாவும்தான் பேசும். அத்தையிடம் இரண்டும் தாத்தா பெயரில் இருக்கின்றன.

மூத்தவன்

அப்படியானால் பேசாத தம்பி தன் பெயரில் ஒரு ரசீது வாங்கிவிட்டால்?

ஏரிக்கரை

வாங்கினால் அவன் வரி கட்டியிருக்கிறான் என்று அர்த்தம். உங்களுக்கு ஓர் அரையாண்டு மிச்சம்.

ஓய்வுபெற்றவன்

எல்லாரும் அளக்க வந்தவனைத் திட்டுவதால் எழுதுகிறேன். நான் வரி வசூலராக இருந்தவன். மார்ச் 31 நெருங்கினால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. வார்டுக்கு இவ்வளவு என்று இலக்கு வரும். நாய் இருக்கும் வீடு எது, பார்த்ததும் கதவைச் சாத்தும் வீடு எது என்று வரைபடமே மனதில் இருக்கும்.

ஒரு மார்ச்சில் பெரிய நிலுவைக்காரர்கள் வாசலில் தண்டோரா போடச் சொன்னார்கள். மேளக்காரர்கள் இருவரோடு ஒரு மூன்று மாடி வீட்டு முன் போய் நின்றோம். கூட்டம் கூடியது. வீட்டுக்காரர் வெளியே வந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். எல்லாருக்கும் தேநீர் வரவழைத்தார். முடிந்ததும் மேளக்காரர்களுக்குத் தலா நூறு ரூபாய் கொடுத்து, "கோயில் கொடைக்கு வாருங்கள், இதே ஆட்களை அழைத்து வாருங்கள்" என்றார். என்னைப் பார்த்து, "சார், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார். அந்த நிலுவை அப்படியே அடுத்த ஆண்டுப் பதிவேட்டுக்குப் போயிற்று. அதே தெருவில் ஓட்டு வீட்டுக்காரர்கள் ஏப்ரல் முதல் வாரமே கட்டிவிடுவார்கள்.

தெருமுனை வீடு

ஐயா, நீங்கள் அந்த வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். அந்த முன் அறையை மட்டும் வணிகம் என்று பிரித்துப் போடச் சொல்லலாமா?

ஓய்வுபெற்றவன்

சொல்லலாம் அம்மா. ஒரே கட்டடத்தில் குடியிருப்பும் கடையும் இருந்தால் பரப்பளவைப் பிரித்துத்தான் விதிக்க வேண்டும். ஆணையர் பெயருக்கு மனு எழுதுங்கள். முன் அறையின் நீள அகலம், வாடகை ஒப்பந்த நகல், பின்பக்கக் குடியிருப்பு மின் இணைப்பின் ரசீது, ஒரு கைவரைபடம் இவற்றை இணையுங்கள். நேரில் வந்து அளக்கக் கோருகிறேன் என்று கடைசி வரியில் எழுதுங்கள். ஆணையர் ஏற்கவில்லை என்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதுவரை வரியை நிறுத்தி வைக்காதீர்கள், வட்டி ஏறும். கட்டிவிட்டே கேளுங்கள், குறைத்தால் அடுத்த அரையாண்டில் கழிப்பார்கள்.

அளக்க வருகிறவருக்கு மோர் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.