முப்பரிமாண மாதிரியில் எங்கள் வீட்டு மின்தேவை 5,400 யூனிட், பில்லில் 312. எங்கே தப்பு?

பழையபேட்டை_மாடி:
வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் சேர்த்து 64 வீடுகளுக்கு, மின்தேவையைக் கணக்கிட, முப்பரிமாண மாதிரி செய்திருக்கிறேன், எம்.இ. பிராஜெக்ட். செயற்கைக்கோள் படத்தின் மேல் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு வீட்டையும் கையால் வரைந்தேன். தளத்துக்கு 3 மீட்டர் உயரம் கொடுத்து, சிட்டிஜிஎம்எல் என்ற நகர மாதிரி வடிவத்தில் எல்ஓடி 1 ஆக, அதாவது தீப்பெட்டி அடுக்கின மாதிரி, மாற்றினேன். வானிலைக் கோப்பு சென்னையுடையது. சுவர், கூரை விவரமெல்லாம் மின்தேவையைக் கணக்கிடும் மென்பொருளோடு வந்த ஜெர்மன் வீட்டுப் பட்டியலில் இருந்து.

ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டுக் குளிரூட்டும் தேவை 5,400 யூனிட் என்கிறது. கரண்ட் பில்லில் 312தான். மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது, பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் ரிவ்யூ. உதவுங்கள்.

கட்டடக்_கணக்கு:
தம்பி, உங்கள் வீடு தெருவில் ஒட்டுவீடா, தனிவீடா?

பழையபேட்டை_மாடி:
ஒட்டுவீடு சார். 6 மீட்டர் முகப்பு, 15 மீட்டர் நீளம், கீழும் மேலும். இரண்டு பக்கமும் வீடு.

கட்டடக்_கணக்கு:
அங்கேதான் முதல் ஓட்டை. சுற்றளவு 42 மீட்டர், உயரம் 6. மொத்தச் சுவர் 252 சதுர மீட்டர். பக்கச் சுவர்கள் இரண்டும் மட்டும் 180. அந்த 180-க்கும் வெயிலே கிடையாது, அந்தப் பக்கம் இன்னொருவர் அடுப்படி இருக்கிறது. கையால் வரைந்ததால் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்திருக்கும். முகங்கள் ஒட்டாவிட்டால் பொதுச்சுவர் என்று மென்பொருளுக்குத் தெரியாது, எல்லாவற்றையும் வெளிச்சுவராக எண்ணிவிடும். பெரிதாக்கிப் பாருங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் பக்கத்து விளிம்புகளை ஒட்டவைக்கும் ஸ்னாப் கருவியை அரை மீட்டர் வரம்பு வைத்து ஓட்டுங்கள். பக்கத்து வீடு ஒரே தளம் என்றால் உங்கள் மேல்தளச் சுவர் வெயில் வாங்கும், அதை மறைத்துவிடாதீர்கள்.

பழையபேட்டை_மாடி:
பார்த்தேன். 20 சென்டிமீட்டர் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது, வெட்கமாக இருக்கிறது. ஸ்னாப் செய்து மறுபடி ஓட்டினேன்: 3,300. குறைந்தது, ஆனாலும் பத்து மடங்கு!

ஓசூர்_வரைபடம்:
கூரையைப் பார்த்தீர்களா? ஜெர்மன் பட்டியலில் கூரை நன்றாகப் போர்த்தியிருக்கும், குளிருக்குக் கட்டினது. நம் ஊர் மொட்டை மாடி வெறும் கான்கிரீட். 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, அதாவது வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்புக்கு (வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு) 1.2-ஐ மேல்வரம்பாக வைத்திருக்கிறது. பழைய தளம் அதைவிட ரொம்ப அதிகமாகத்தான் இருக்கும். தட்டோடு, வெள்ளைப் பூச்சு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கையால் போடுங்கள். எண் ஏறும், பயப்படாதீர்கள். உங்கள் முதல் தப்பு ஏற்றியதில் கொஞ்சத்தை இந்தத் தப்பு இறக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

வானிலையும் மாறணும். சென்னை கடலோரம், கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம். பெங்களூரு கோப்பும் ஒத்துவராது, அது 900-ஐத் தாண்டி, எங்கள் ஓசூருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

அப்புறம் பிராஜெக்டை ஓசூர் வரை நீட்டினால் ஒன்று. 78 டிகிரி தீர்க்கரேகை இரண்டு ஊருக்கும் நடுவே போகிறது. உலக வரைபடத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் கிருஷ்ணகிரி 44-ஆம் மண்டலம், நாங்கள் 43. நான் ஒருமுறை 43-இன் ஆயத்தொலைவுகளை 44 என்று கொடுத்துவிட்டேன், ஓசூர் பேருந்து நிலையம் வங்காள விரிகுடாவில் மிதந்தது.

பழையபேட்டை_மாடி:
கூரையை மாற்றினதும் 3,900. ஏறிவிட்டது அண்ணா. இப்போது ரிவ்யூவில் என்ன சொல்வது?

கட்டடக்_கணக்கு:
இந்த எண்ணைப் பில்லோடு ஒப்பிடவே கூடாது. வீடு முழுவதையும் 24 மணி நேரமும் குளிராக வைத்திருக்க எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றணும் என்பது இது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான் எடுக்கும். உங்கள் வீட்டில் எத்தனை ஏசி, எவ்வளவு நேரம்?

பழையபேட்டை_மாடி:
மேல் அறையில் ஒன்று. ராத்திரி பத்து மணிக்குப் போட்டு, அப்பா மூன்று மணிக்கு எழுந்து அணைத்துவிடுவார். மற்ற அறைகளில் ஃபேன்தான்.

கட்டடக்_கணக்கு:
அப்பாவையும் மாதிரிக்குள் சேர்க்கணும். எந்த அறை, எத்தனை மணி நேரம் என்று தெருவில் பத்து வீட்டிலாவது கேட்டு வாருங்கள், அதைப் பயன்பாட்டு அட்டவணையாகக் கொடுங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் தனிக்கணக்கு. கீழே கடை இருந்தால் அதற்குத் தனி இணைப்பு இருக்கும், அந்தத் தளத்தை வீட்டிலிருந்து கழியுங்கள்.

பழையபேட்டை_மாடி:
பதினொரு வீடு கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு இப்போது 270 வருகிறது, பில் 312. மூலை வீடு மட்டும் இன்னும் இரண்டு மடங்கு காட்டுகிறது. மாடியில் படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன, அதை நான் மூன்றாம் தளமாக எண்ணிவிட்டேனோ என்று சந்தேகம். காலையில் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.