பொங்கல் பட்டிமன்றத்தில் அரசியல் பேசினால் என்ன?

பழைய பேப்பர்
இந்த 2025 பொங்கலுக்கும் டிவியில் பட்டிமன்றம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நான் பார்த்த சேனலில் குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் யார் என்கிற ரகத் தலைப்பு. மாமியார் ஜோக், மனைவி சமையல் ஜோக், நடுவர் சிரிப்பு, நகைக்கடை விளம்பரம். சரி, நானும் சிரித்தேன்.

ஆனால் இந்தப் பத்து நாளில் நாட்டில் என்னென்ன நடந்தது? ஜனவரி 6ஆம் தேதி ஆளுநர் ரவி, தேசிய கீதம் முதலில் பாடப்படவில்லை என்று உரையையே வாசிக்காமல் சட்டமன்றத்திலிருந்து கிளம்பினார். எல் அண்ட் டி தலைவர் வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை பார்க்கச் சொன்னார். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அதிமுகவும் பாஜகவும் போட்டியே போடவில்லை. பொங்கலுக்கு மறுநாள் வைத்திருந்த, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை, எதிர்ப்பு வந்த பிறகுதான் தள்ளி வைத்தார்கள். ரேஷன் கடைப் பொங்கல் பரிசில் இந்த வருஷம் பணம் கிடையாது. இதில் ஒன்றுகூடவா பேசத் தோன்றவில்லை? வாதம் செய்யத்தானே ஐயா மேடை போட்டீர்கள்?

ராத்திரி ஷிப்ட்
கை தூக்கிவிட்டேன் சார். சந்தோஷமாகப் பார்த்தேன், அடுத்த வருஷமும் பார்ப்பேன்.

வருஷம் முழுக்க எந்த நியூஸ் சேனலைத் திருப்பினாலும் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பேரைப் போடும்போதே கட்சியையும் போட்டுவிடுகிறார்கள், அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். எங்கள் வீட்டில் மாமனார் ஒரு கட்சி, என் தம்பி வேறு கட்சி. ரெண்டு பேரும் ஒரே ஜோக்குக்குச் சிரிக்கிற நிகழ்ச்சி இது ஒன்றுதான். அதிலும் ஆளுநரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் பொங்கல் பானையை இறக்க ஆள் இருக்காது. டியூட்டி முடித்து வந்து பார்க்கிறவளுக்கு ஒரு மணி நேரம் சிரிப்பு போதும்.

கோயமுத்தூர் குசும்பு
பழைய பேப்பர் சார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார் அந்த 90 மணி நேரக்காரர். ஆக அதுவும் கணவன் மனைவித் தலைப்புதான். நடுவருக்கு வேலை மிச்சம்.

தேனிக்காரன்
ரெண்டு பேரும் சேனல் யாருடையது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஜெயா டிவி எந்தக் கட்சிக்காக வந்தது, மக்கள் டிவி யாருடையது, கேப்டன் டிவிக்கு ஏன் அந்தப் பெயர், இதெல்லாம் தமிழ்நாட்டில் சின்னப் பையனுக்கும் தெரியும். 2007இல் தினகரன் பத்திரிகை போட்ட கருத்துக்கணிப்பால் சன் டிவி நடத்தும் மாறன் சகோதரர்களுக்கும் அவர்களுக்குத் தாத்தா முறையான கலைஞருக்கும் மனக்கசப்பு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது. ஒரு குடும்பச் சண்டையில் ஒரு சேனலே பிறக்கிற ஊர் இது. (விநாயகர் சதுர்த்திக்கு 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று போட்டு, நமக்கு வருஷா வருஷம் மீம் தந்ததும் கலைஞர் டிவிதான்.)

இந்த மேடையில் ஏறி ஒரு பேச்சாளர் ஆளுங்கட்சியைக் கிண்டல் பண்ணினால் எந்தச் சேனலில் ஓடும், எதில் கத்தரி விழும் என்று நீங்களே சொல்லிவிடலாம். மாமியாருக்குக் கட்சி கிடையாது, அதனால் அவரைக் கிண்டல் பண்ணுகிறார்கள். அப்புறம், இதெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்வது. போன வாரத்து ஆளுநர் அதில் எப்படி வருவார்?

பழைய பேப்பர்
தேனிக்காரரே, பதிவு தேதி ஒரு சாக்கு. ரேஷனில் பணமா பொருளா என்பது நேற்று முளைத்த கேள்வியா?

ராத்திரி ஷிப்ட் அம்மா, பண்டிகை என்றால் வாதம் கூடாது என்று யார் சொன்னது? மணிமேகலைக் காப்பியத்தின் ஆரம்பத்திலேயே இந்திர விழாவுக்கு ஒருவன் முரசறைகிறான். தோரணம் கட்டுங்கள், தெருவில் புதுமணல் பரப்புங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, சமய வாதம் செய்கிறவர்களெல்லாம் பட்டிமண்டபத்தில் ஏறுங்கள் என்று அறிவிக்கிறான். விழாவின் ஒரு பகுதியே வாதம்தான், அதுவும் அன்றைக்கு ஊரைப் பிரித்துக்கொண்டிருந்த மதச் சண்டையைப் பற்றி. மாமியாரைப் பற்றி அல்ல.

மல்லிகா டீச்சர்
பாதியில் நிறுத்திவிட்டீர்களே தம்பி. அந்த இடத்துக்கு அடுத்த ரெண்டு வரியைப் படியுங்கள். 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்று வருகிறது. பகைவரே எதிரில் வந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள் என்கிறான் அதே முரசறைகிறவன். விழா நடக்கும் இருபத்தெட்டு நாளும் அப்படித்தான் இருக்கச் சொல்கிறான். அந்த வரி ராத்திரி ஷிப்ட் பக்கம் சாய்கிறது.

ஆனாலும் என் ஓட்டு உங்களுக்குத்தான், காரணம் வேறு. நான் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவள். குன்றக்குடி அடிகளார் காலத்து மேடையில், காப்பியத்தில் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் செய்தது நியாயமா இல்லையா என்று கூட்டம் நள்ளிரவு வரை உட்கார்ந்து கேட்டது. பாப்பையா ஐயாவும் கல்லூரியில் தமிழ் நடத்தியவர், புறநானூற்றுக்கு உரை எழுதியவர். சரக்கு இல்லாதவர்களா இவர்கள்? ஒரு மணி நேரத்தில் பாதி விளம்பரம், எட்டுப் பேர் பேச வேண்டும். ஒருவருக்கு நாலைந்து நிமிஷம் கிடைத்தால் ஜோக்கைத் தவிர எதைச் சொல்ல முடியும்? எதிரணி சொன்னதை எடுத்து மறுக்கிற பழக்கமே போய்விட்டது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்துவிட்டு உட்காருகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். அரசியல் இல்லை என்பதில் அவ்வளவு வருத்தமில்லை.

ராத்திரி ஷிப்ட்
டீச்சர் என் பக்கம் ரெண்டு வரி கொடுத்துவிட்டு ஓட்டை அந்தப் பக்கம் போட்டுவிட்டீர்கள்! சரி, கேட்கிறேன். ரேஷன் தலைப்பை வைத்தால் நான் எழுந்து போய்விட மாட்டேன். அது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் அதைப் பேசினால் ஐந்தாவது நிமிஷத்தில் 'உங்கள் ஆட்சியில் எவ்வளவு கொடுத்தீர்கள்' என்று வந்து நிற்கும், பாருங்கள்.

கோயமுத்தூர் குசும்பு
2021இல் 2500 ரூபாய். தேர்தல் வருஷம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேனிக்காரன்
வந்துவிட்டதா இல்லையா? 2021இல் அதிமுக 2500 கொடுத்தது. 2022இல் திமுக பணமே கொடுக்காமல் 21 பொருள் கொடுத்தது, வெல்லம் ஒழுகுகிறது என்று ஊரெல்லாம் வீடியோ. 2023, 2024இல் ஆயிரம் ரூபாய். இந்த 2025இல் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு, அவ்வளவுதான். ரெண்டு கட்சிக்கும் இதில் கொள்கை என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கஜானாவும் தேர்தல் காலண்டரும்தான் முடிவு செய்கின்றன.

ஆனால் கரும்பை மட்டும் கிண்டல் பண்ணாதீர்கள். 2022 டிசம்பரில் முதலில் அறிவித்த பட்டியலில் கரும்பே இல்லை. அரசு வாங்கும் என்று நம்பிப் பன்னீர்க்கரும்பு போட்டவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அப்புறம்தான் சேர்த்தார்கள். இது ஆலைக்கு அனுப்புகிற கரும்பு இல்லை. மாசத்துக்கணக்கில் தோகை உரித்து வளர்த்து, பொங்கலுக்கு விற்றால்தான் காசு. மறுவாரம் யார் வாங்குவார்? அதனால் நான் பொருள் அணி.

ராத்திரி ஷிப்ட்
கரும்புக்காரருக்குக் காசு போகட்டும் அண்ணா, நான் மறுக்கவில்லை. அதை அரசாங்கம் விவசாயத் துறையில் வைத்துச் செய்யட்டும். நான் கேட்பது என் அடுப்பைப் பற்றி. அரிசியும் சர்க்கரையும் மாசாமாசம் அதே கடையில்தான் வாங்குகிறோம். பண்டிகைக்கு மேல்செலவு அரிசியில் இல்லை. பிள்ளைகளுக்குத் துணி, ஊருக்குப் போக பஸ். ஆம்னி பஸ்ஸில் இந்த ஆறு நாள் லீவுக்கு என்ன கேட்டான் என்று சென்னையில் இருக்கிற யாரையும் கேளுங்கள். கிளாம்பாக்கத்தில் அரசு பஸ்ஸுக்கு நின்றவர்களையும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கையில் வந்தால் எதற்குச் செலவு செய்வது என்று நான் முடிவு செய்வேன். கரும்பு வந்தால் கரும்புதான்.

பழைய பேப்பர்
பணம் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போகிறது என்பார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ராத்திரி ஷிப்ட்
எங்கள் தெரு ரேஷன் கடையில் டோக்கனோடு நிற்பது முக்கால்வாசி பெண்கள். யார் கைக்கு வருகிறது என்று ஒரு நாள் வந்து வரிசையில் நின்று பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள் சார். குடிக்கிறவன் அரிசியைக்கூட விற்றுக் குடிப்பான்.

மல்லிகா டீச்சர்
இதுதான் மறுத்துப் பேசுவது. நடுவர் நாற்காலியில் இருந்தால் இந்த இடத்தில் மணி அடிக்க மாட்டேன்.

தேனிக்காரன்
டீச்சர், கைதட்டல் அந்தப் பக்கமே போனால் எப்படி? அக்கா, விவசாயத் துறையில் வைத்துச் செய்யட்டும் என்பது பேச நன்றாக இருக்கிறது. செங்கரும்பை வேறு எந்தத் திட்டத்தில், எந்த மாசத்தில், யாருக்காக வாங்குவார்கள்? ரேஷன் கடை இருக்கிறதால்தான் கரும்பு ஒவ்வொரு தெருவுக்கும் போகிறது. ரெண்டையும் கொடுங்கள் என்று கேளுங்கள், சேர்ந்து கேட்கலாம். கரும்பை எடுத்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்றால் நான் வரமாட்டேன்.

கோயமுத்தூர் குசும்பு
ஞாயிற்றுக்கிழமை பிக் பாஸ் ஃபைனல். அன்றைக்கு யாரும் இந்தத் திரியை மேலே தூக்கிவிடாதீர்கள், எங்கள் வீட்டில் ரிமோட் சண்டையே தனியாக ஒரு பட்டிமன்றம்.

ராத்திரி ஷிப்ட்
ரெண்டையும் கேட்கலாம் அண்ணா. ஆனால் ஒன்றுதான் என்றால் எனக்குப் பணம்தான், இதில் மாற்றமில்லை. நாளைக்கு டியூட்டி, அரசு லீவு எங்களுக்குக் கிடையாது.